திருகோணமலையில் சடைநாய்க்குக் குளிக்க வார்ப்பது: எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

ஷிட்ஸு, பொமரேனியன், மால்டீஸ், லாசா அப்சோ. உடம்பு சின்னது, முடி நீளம். திருமலையில் இப்படி ஒரு நாயை வளர்க்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் வருகிற கேள்வி, "நீங்கள் என்ன ஷாம்பு போடுறீங்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஷாம்புப் போத்தலைத் தீர்மானிப்பது கடைசி வேலை. எந்தத் தண்ணீரில் வார்க்கப் போகிறோம், நம் நாயின் முடி எந்த வகை, வார்த்த பிறகு அடிமுடி (தோலை ஒட்டிய உள்முடி) வரைக்கும் காயவைக்க நேரம் இருக்கிறதா என்ற மூன்றும் தெளிவானால் ஷாம்பு பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்த் தண்ணீருக்கும் காற்றுக்கும், கையிலுள்ள காசில் பெரும்பங்கைக் கண்டிஷனருக்கும் ஒரு நல்ல உலோகச் சீப்புக்கும் வையுங்கள். ஷாம்பு நாய்க்கென்று செய்த சாதாரணமான ஒன்றாக இருந்தால் போதும். வாசனைக்கும் படம் போட்ட போத்தலுக்கும் கொடுக்கிற காசு நாயின் தோலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

கிணறா, குழாயா

நகரத்துக்குள் வரும் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து அனுப்பப்படுவது. குளோரின் மணம் சில நாட்களில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். குளிக்க வார்க்கிற அளவில் அது நாய்க்கு ஒன்றும் செய்யாது. கிணறு வேறு கதை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோடு ஒட்டிய வளவுகளில் பல கிணறுகள் உவர். ஆடி, ஆவணியில் நீர்மட்டம் இறங்க உவர்ப்பு இன்னும் ஏறும். உள்ளே தள்ளிப் போனால் உவர்ப்புக் குறைந்தாலும் தண்ணீர் கடினமாக இருக்கலாம். கல்சியமும் மக்னீசியமும் கூடிய தண்ணீர் அது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுகிற வீடென்றால் உங்களுடையதும் அந்த வகைதான்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, உடல் சவர்க்காரத்தைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடிக் குலுக்குங்கள். மென்தண்ணீரென்றால் மேலே நுரை நிற்கும், கீழே ஓரளவு தெளிவாக இருக்கும். கடினத் தண்ணீரென்றால் நுரை எழும்பாது, முழுக்கப் பால் போலக் கலங்கும், போத்தல் ஓரத்தில் வெள்ளைப் பிசுக்கு ஒட்டும். அந்தப் பிசுக்குச் சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்து உண்டாவது, தண்ணீரில் கரையாது. குறுமுடி நாயில் ஓரளவு கழுவுப்பட்டுப் போய்விடும். நீளமுடியில் அது முடிக்கு முடி ஒட்டிக்கொண்டு நிற்கும். குளித்து முடித்த நாய் சொரசொரப்பாக, மங்கலாக, மறுநாளே சிக்குப் பிடித்து நிற்பதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். சவர்க்காரத்தை மாற்றிப் பார்ப்பார்கள், அதே தண்ணீரில் அதே பிசுக்கு வரும்.

ஆகவே கிணறு மட்டும்தான் உள்ளவர்கள் சவர்க்காரக் கட்டியைக் கையிலெடுக்கவே வேண்டாம். திரவ ஷாம்பு கடினத் தண்ணீரிலும் அந்தப் பிசுக்கைக் கட்டாது. இரண்டும் உள்ள வீடென்றால் கிணற்றில் நனைத்து, ஷாம்பு போட்டு, அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரில் ஒன்றிரண்டு வாளி வையுங்கள். சின்ன நாய்க்கு அது தாராளம். வாடைக்காற்று மாதங்களில் முதல் மழையைப் போகவிட்டுப் பிறகு பிடித்து வைத்த மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் மென்மையானது. கிடைத்தால் அதைக் கடைசி அலசலுக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, தண்ணீர்த் தாங்கி. மொட்டைமாடியில் வெயில் குடிக்கிற பிளாஸ்டிக் தாங்கியிலிருந்து நண்பகலில் வரும் முதல் தண்ணீர் கையைச் சுடும். நம் கைக்குப் பொறுக்கிற சூடு நாயின் வயிற்றுத் தோலுக்குப் பொறுக்காது. காலை எட்டு, ஒன்பது மணி சரியான நேரம். தண்ணீரும் இளஞ்சூட்டில் இருக்கும், காய்வதற்குப் பகலும் கையிலிருக்கும்.

எதைப் போட்டுக் கழுவுவது

நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. மேல்தோலில் நமக்குப் பத்துப் பதினைந்து செல் அடுக்கு என்றால், முடி மூடிய இடங்களில் அதற்கு மூன்று முதல் ஐந்துதான். மனிதத் தோலின் பி.எச். (அமில, கார அளவு) ஐந்தை ஒட்டி அமிலப் பக்கம் நிற்கும். நாயின் தோல் பெரும்பாலும் ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில், நடுநிலைக்குக் கிட்ட நிற்கும். சாதாரணச் சவர்க்காரக் கட்டியின் பி.எச். ஒன்பது, பத்து. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே சவர்க்காரம் ஏன் வேண்டாம் என்பது விளங்கும். அது தோலின் எண்ணெயை வழித்தெடுக்கும். தோல் காய்ந்து பொடுகு உதிரும். நாய் சொறியும். சொறிந்த இடத்தில் கிருமி ஏறும். "நாய்ச் சவர்க்காரம்" என்று விற்கும் கட்டிகளிலும் பல, அடிப்படையில் சவர்க்காரத்தோடு உண்ணி மருந்து சேர்த்தவைதான். பெட்டியில் என்ன மருந்து என்று வாசித்துப் பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்து, வீட்டில் பூனையும் இருந்தால், அந்தக் கட்டியை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். நாய்க்குத் தாங்குகிற பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே ஆபத்து.

நாம் போடும் ஷாம்பு சவர்க்காரத்தைவிடப் பரவாயில்லை, ஆனால் நம் தோலுக்கும் நம் எண்ணெய்ப்பசைக்கும் கணக்குப் பார்த்துச் செய்தது. குழந்தை ஷாம்பு அதைவிட மென்மை. முகத்தைச் சுற்றி, அல்லது அவசரத்துக்கு ஒருமுறை போட்டால் பாதகமில்லை. மாதக்கணக்கில் அதையே நம்பியிருக்க நான் சொல்லமாட்டேன். பொடுகு ஷாம்பு, தேயிலைமர எண்ணெய் சேர்த்த ஷாம்பு இரண்டும் வேண்டவே வேண்டாம். தேயிலைமர எண்ணெய் நாய்க்கு நஞ்சு. தோலாலும் உள்ளே போகும், நக்கினாலும் போகும். தரை துடைக்கும், காயம் கழுவும் கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கிற வாளியில் ஒரு மூடி ஊற்றுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. அதையும் விட்டுவிடுங்கள். அவற்றில் பல பீனோல் வகை. தோலை எரிக்கும், நாய் உடம்பை நக்கினால் வயிற்றுக்குள்ளும் போய்விடும்.

நாட்டு முறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அவற்றின் மேல் இங்கே நல்ல நம்பிக்கை இருக்கிறது. எல்லாமே பிழையில்லை.

சீயக்காயின் கழுவும் சக்தி அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருளில் இருக்கிறது. கடினத் தண்ணீரிலும் பிசுக்குக் கட்டாது. அந்த வகையில் சவர்க்காரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், ஷிட்ஸுவுக்கோ கண் முன்னுக்குத் தள்ளி நிற்கும். தூள் அப்படியே அடிமுடியில் போய்த் தங்கிவிடும், எத்தனை வாளி ஊற்றினாலும் சீப்பில் வந்துகொண்டே இருக்கும். வெள்ளை முடியில் பழுப்பும் ஏறும். அவித்து, துணியில் இறுக வடித்து, கழுத்துக்குக் கீழே மட்டும் பாவித்தால் கறுப்பு அல்லது கபில நிற நாய்க்கு ஏற்கத்தக்கது. அவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு நாய் ஷாம்பு வாங்கிவிடலாம் என்பதே என் எண்ணம்.

வேப்பிலை அவித்த தண்ணீர், நன்றாக ஐதாக்கினால், கடைசி அலசலுக்குக் கேடில்லை. உண்ணியைக் கொல்லும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேப்பெண்ணெயை நேரே பூசுவது தோலைப் புண்ணாக்கக்கூடும். மஞ்சள் பூசினால் வெள்ளை நாய் வாரக்கணக்கில் மஞ்சள் நாயாக நிற்கும். கற்றாழைச் சோற்றில் தோலோடு ஒட்டிய மஞ்சள் பால் வயிற்றோட்டம் தரும், நக்குகிற பிராணிக்கு அது சரிவராது.

தேசிக்காயைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கேட்டார். "தம்பி, தேசிக்காய் பூசினா உண்ணி எல்லாம் ஓடிடும் எண்டு சொல்லுறாங்களே, பூசலாமா?"

"ஓடாது அக்கா. சொறிஞ்ச இடத்தில பட்டா எரியும். பூசிப்போட்டு வெயில்ல விட்டா தோல் இன்னும் பழுதாகும்."

தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிகாயம் போல வருவது மனிதருக்கும் உண்டு. மெல்லிய தோலுள்ள நாய்க்குச் சொல்லவே வேண்டாம்.

மிஞ்சுவது நாய் ஷாம்பு. அதிலும் இரண்டு வழி: ஷாம்பு தனி, கண்டிஷனர் தனி என்பது ஒன்று, இரண்டும் ஒரே போத்தலில் என்பது மற்றது. ஒரே போத்தல் வகையில் கழுவும் பொருளும் மென்மையாக்கும் பொருளும் ஒன்றையொன்று கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் நிற்க வேண்டும். முடி ஒன்றிரண்டு அங்குலத்துக்குக் குட்டையாக வெட்டிய நாய்க்கு அது போதும், நேரமும் மிச்சம். வயிறு தாண்டித் தொங்குகிற முடிக்குப் போதாது. நுனிமுடிக்குத் தேவையான அளவு மென்மை அதில் வராது, அடிமுடியிலோ தேவைக்கு மேல் படிந்துவிடும்.

தனியாக வாங்கும் ஷாம்பு செறிவான வகையாக இருந்தால் நல்லது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று போத்தலில் போட்டிருந்தால், 250 மில்லிலீட்டர்ப் போத்தலில் தடவைக்கு 20 மில்லி எடுத்தாலும் பன்னிரண்டு முழுக்குக்கு வரும். முதலில் விலை கூடத் தெரிந்தாலும் கணக்குப் பார்த்தால் மலிவு. ஐதாக்கிய ஷாம்புவுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது, சடைக்குள் சமமாக இறங்கும், சுலபமாக அலசுப்படும். குளியலறையிலேயே ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள். கலந்து மிஞ்சியதை அடுத்த தடவைக்கு வைக்காதீர்கள், கிருமி வளரும். ஓட்ஸ் சேர்த்த, மணம் குறைந்த வகை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை முடிக்கென்று விற்கும் நீல ஷாம்பு அடிக்கடி வேண்டாம். அது அழுக்கை எடுப்பதைவிட நிறத்தை மறைக்கிற வேலைதான் அதிகம் செய்கிறது.

கண்டிஷனர்: காசு போக வேண்டிய இடம்

முடி ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுக்கூரை போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கழுவும்போதும், கடினத் தண்ணீரின் உப்புகள் படியும்போதும் அந்த ஓடுகள் கிளம்பும். கிளம்பிய ஓடு பக்கத்து முடியைக் கொழுவிக்கொள்ளும். சிக்கு ஆரம்பிப்பது அங்கேதான். பழுதான முடியில் எதிர்மின்னேற்றம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் இருக்கும் நேர்மின்னேற்றப் பொருள் அதைத் தேடிப்போய் ஒட்டும். பழுது எங்கே அதிகமோ அங்கே கூடுதலாக ஒட்டும். அதனால்தான் ஒரு கரண்டிக் கண்டிஷனர் முழு நாயையும் மாற்றிவிடுகிறது.

போத்தலின் பின்பக்கம் பெஹென்ட்ரிமோனியம் அல்லது செட்ரிமோனியம் என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது அந்த ஒட்டும் பொருள். டைமெதிக்கோன் சிலிக்கோன், சீப்பு வழுக்க உதவும். செட்டில் அல்ககோல், செட்டரில் அல்ககோல் என்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை கொழுப்பு வகை, காயவைப்பவை அல்ல. இவை எதுவும் இல்லாமல் வெறும் வாசனையும் மூலிகைப் பெயர்களுமாக இருக்கும் போத்தல் கடினத் தண்ணீர் வீட்டுக்கு அதிகம் உதவாது.

இங்கே முடி வகை முக்கியமாகிறது. ஷிட்ஸு, லாசா அப்சோவுக்கு முடி கீழே தொங்கி விழ வேண்டும். பாரமான கிரீம் வகைக் கண்டிஷனர் அவற்றுக்குத்தான். மால்டீஸுக்கு அடிமுடி இல்லை, பட்டுப் போன்ற ஒற்றை அடுக்கு. அதே கண்டிஷனரைக் கொஞ்சம் ஐதாகப் போட்டால் சரி. பொமரேனியனின் முடி தோலிலிருந்து நிமிர்ந்து நிற்க வேண்டிய முடி, உள்ளே பஞ்சு போன்ற அடர்ந்த அடிமுடி. கிரீமைப் பூசினால் முடி படுத்துவிடும், உள்ளே ஈரமும் தங்கும். அதற்குத் தெளிப்பான் வகை போதும். கிரீம் போடுவதென்றால் காதுக்குப் பின்னால், பின்னந்தொடையில், வாலில் மட்டும் போட்டு முழுக்க அலசிவிடுங்கள்.

போடும் விதத்தையும் சொல்கிறேன், நல்ல கண்டிஷனரும் வீணாவது இதில்தான். ஒரு மேசைக்கரண்டியை அரை லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கலக்குங்கள். ஷாம்பு போன பிறகு முடியிலுள்ள தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு, முதுகுக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஊற்றுங்கள். நாம் தலையில் தேய்ப்பதுபோல வட்டமாகத் தேய்க்கக் கூடாது, அது சிக்கைக் கட்டுகிற வேலை. முடியை உள்ளங்கைக்குள் எடுத்து, மேலிருந்து கீழே பிழிந்து பிழிந்து வாருங்கள். பிழியும்போது விரலுக்குள் வழுக்கல் தெரியும். வழுக்கல் தெரியாத இடம் இன்னும் கண்டிஷனர் போகாத இடம், பெரும்பாலும் அக்குளும் உள்தொடையும். மூன்று நான்கு நிமிடம் விட்டு அலசுங்கள். ஷிட்ஸுவுக்கு நுனியில் மெல்லிய வழுக்கல் மிஞ்சினால் பரவாயில்லை. வயிற்றிலும் நெஞ்சிலும் மிஞ்சக் கூடாது, தோலில் மிஞ்சுவது சொறிச்சலாகத்தான் வெளிவரும்.

நம் வீட்டுக் கண்டிஷனரைப் போடலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஷாம்புவைப் போலவே இதிலும் கண்டிப்பாகத்தான் இருப்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது. நாய் உடம்பை நக்கும். சில மனித அழகுசாதனங்களில் சைலிட்டோல் சேர்க்கிறார்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், கூடுதலானால் ஈரலையும் பாதிக்கும். பட்டியலில் அது இல்லை, தேயிலைமர எண்ணெயும் இல்லை, மணமும் குறைவு என்றால், நன்றாக அலசுவதென்றால், ஊரில் வேறு கிடைக்காத நேரத்துக்கு ஏற்கலாம். தலையில் பூசி அலசாமல் விடுகிற வகைகள் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் இன்னொரு போட்டியாளர், நம் வீடுகளில் எப்போதும் கைக்கெட்டுவது. முழு உடம்புக்கும் பூசுவதை நான் ஆதரிக்கவில்லை. இது கடற்கரை ஊர். எண்ணெய் பூசிய சடையில் மணலும் தூசியும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடும். நாய் நக்கி நக்கி வயிற்றோட்டம் வரும். தோலில் மலசீசியா என்ற மதுவம் (யீஸ்ட்) பெருகுவதற்கும் எண்ணெய்ப்பசை வசதி. ஆனால் காய்ந்த மூக்கு நுனிக்கும் வெடித்த பாதத்துக்கும் விரலில் தொட்டுப் பூசுவது நல்லதே. நாயுருவி, நெருஞ்சி மாட்டிக்கொண்ட இடத்தில் இரண்டு சொட்டு விட்டால் முடியைப் பிய்க்காமல் எடுக்கலாம். அந்த வேலைக்குக் கண்டிஷனரும் உதவும்.

அலசாமல் விடுகிற தெளிப்பு, குளிப்பு நாளுக்கு மட்டுமானது அல்ல. வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் முடி ஈரமிழந்து பறக்கும், சீப்பு வைத்தால் சடசடக்கும், முறியும். காய்ந்த முடியை வெறுமனே சீவக் கூடாது. மெல்லிதாகத் தெளித்துவிட்டுச் சீவ வேண்டும். கடையில் வாங்காவிட்டால் உங்கள் கண்டிஷனரிலேயே அரைத் தேக்கரண்டியை ஒரு தெளிப்பான் தண்ணீரில் கலந்துகொள்ளலாம். இரண்டு நாளில் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்.

சிக்கு எடுப்பது முதலில், தண்ணீர் பிறகு

இதில் விவாதத்துக்கு இடமில்லை. சிக்கோடு நனைத்தால் முடி நனைந்து காயும்போது சிக்கு இறுகிக் கம்பளித் துண்டாகிவிடும். குளிக்க வார்ப்பதற்கு முன்பே முடியை அடுக்கடுக்காகப் பிரித்து, தோல் தெரியும் கோடு விழச் செய்து, அந்தக் கோட்டிலிருந்து சீவுங்கள். மேலால் பிரஷ் பளபளவென்று ஓடுகிற நாயிலும், காதுக்குப் பின்னால் உலோகச் சீப்பை அடியில் நுழைத்தால் நிற்கும். அந்த இடத்தில் சீப்பு தடையில்லாமல் வெளியே வந்தால்தான் நாய் தண்ணீருக்குத் தயார். சிக்கை வெட்டத்தான் வேண்டுமென்றால், சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் இடையில் செருகி, சீப்புக்கு மேலே கத்தரியுங்கள். சிக்குக்குள் தோல் இழுபட்டு எழும்பி நிற்கும். சீப்பில்லாமல் கத்தரி வைத்தால் தோல் வெட்டுப்படும்.

காயவைப்பதில் மூன்று வழி. வெயில், துவாய், ஹெயார் ட்ரையர். வெயிலில் விட்டால் மேல்முடி காயும், அடிமுடி ஈரமாகவே இருக்கும், நாயும் நேரே மணலில் போய்ப் புரளும். ஒன்பது மணிக்குப் பிறகு சீமெந்துத் தரை பாதத்தைச் சுடும். துவாயால் தேய்க்காமல் அமுக்கி அமுக்கி ஈரத்தை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதிக்கு ட்ரையர், ஆகக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, மற்றக் கையால் சீவிக்கொண்டே. காற்று படும் இடத்தில் உங்கள் விரலும் இருக்கட்டும். விரலுக்குச் சுட்டால் நாய்க்கு எப்போதோ சுட்டிருக்கும். ஷிட்ஸு போன்ற சப்பை முக நாய்கள் மூச்சால் சூட்டை வெளியேற்றச் சிரமப்படும். நாக்கு நீளமாகத் தொங்கி மூச்சு இரைத்தால் நிறுத்தி, மின்விசிறிக்குக் கீழே விட்டுத் தண்ணீர் கொடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ட்ரையர் இல்லாமல் முழுக்கு வார்ப்பதைவிட, பாதத்தையும் வயிற்றையும் மட்டும் கழுவித் துடைத்துவிட்டு வெயில் வரும்வரை பொறுப்பது மேல். ஈரம் தங்கிய அடிமுடியில் ஒரே இரவில் சிவந்து நீர் கசியும் புண் வந்துவிடலாம்.

நீளமாக வைப்பதா, வெட்டுவதா

ஷிட்ஸு, மால்டீஸ், லாசாவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும் வகை, வெட்டினால் திரும்ப வரும். வாரத்தில் நான்கைந்து நாள் உட்கார்ந்து சீவ முடியாத வீட்டில் அவற்றை ஓர் அங்குலத்துக்கு வெட்டி வைப்பதுதான் நாய்க்குச் செய்யும் நன்மை. நீளமுடி அழகு, சந்தேகமேயில்லை. ஆனால் சிக்கு ஒவ்வோர் அடிக்கும் தோலை இழுக்கிறது, அந்த வலியோடு அது நாள் முழுக்க நடக்கிறது. தோல் தெரிய மொட்டை அடிக்க வேண்டாம், நம் வெயிலில் தோல் கருகும்.

பொமரேனியனை மழிக்கவே கூடாது. சூட்டுக்கு நல்லதென்று மழித்தவர்களின் நாய்களில் முடி திரும்ப வராமலோ திட்டுத் திட்டாகவோ வந்தவை உண்டு; இந்த இனத்தில் அது தெரிந்த பிரச்சினை. பாதம், பின்பக்கம், காதோரம் மட்டும் ஒழுங்குபடுத்தி, அடிமுடியை வாரிவிட்டால் அதுவே குளிர்ச்சி.

வெளியாளிடம் கொடுத்து வார்ப்பிப்பது கைநோ முதுகுநோ உள்ளவர்களுக்கும், நாய் வீட்டாரிடம் அடங்காதபோதும் நல்ல தேர்வு. போகுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூட்டுக்குள் அடைத்துச் சூட்டுக்காற்று விடுவார்களா, வருகிற நாய்களின் விசர்நோய்த் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பார்களா. முதலாவதற்கு ஆம் என்றாலோ, இரண்டாவதற்கு இல்லை என்றாலோ வேறிடம் பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு, ஆரோக்கியமான தோலுள்ள நாய்க்கு இரண்டு மூன்று வாரம். மேல்தோல் முழுதும் புதுப்பிக்க ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும், அதுவும் இந்த இடைவெளியோடு ஒத்துப்போகிறது. உப்புவெளிக் கடற்கரைக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள் அன்றன்றே நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் அலசிவிட வேண்டும். அதற்கு ஷாம்பு வேண்டாம், நுனிக்குக் கொஞ்சம் தெளிப்புப் போதும்.

மருந்து ஷாம்பு யாருக்கு

புளித்த மணம், பிசுபிசுத்த முடி, நக்கி நக்கிப் பழுப்பேறிய பாதம், காதில் கறுத்த அழுக்கு. இவை இருந்தால் அழகு ஷாம்பு எதை மாற்றினாலும் பலனில்லை. கால்நடை வைத்தியரிடம் காட்டி, மதுவமா, பக்டீரியாவா, சொறிப்பூச்சியா என்று தெரிந்துகொள்ளுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தொடங்கலாம். பல தடவை மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலை வரை போவது வீண் அலைச்சல் இல்லை.

மதுவத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் இரண்டு இரண்டு சதவீதம் சேர்ந்த ஷாம்பு, வாரம் இருமுறை. இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: நுரை தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தே பத்து நிமிடம். பூசிய உடனே அலசினால் விலை கூடிய மருந்து சாக்கடைக்குத்தான் போகும். குளோர்ஹெக்சிடின் கண்ணின் கருவிழியைப் பழுதாக்கும், ஆகவே முகத்துக்கு வேண்டாம். இந்த ஷாம்புகள் முடியைக் காயவைப்பவை. அலசிய பிறகு நுனிமுடிக்கு மட்டும் கண்டிஷனர் போடுங்கள், தோலில் படவிட வேண்டாம்.

உண்ணி மருந்தையும் முழுக்கு நாளையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் சொட்டு விடும் ஃபிப்ரோனில் வகை தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் தங்கி வேலை செய்வது. போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிக்க வார்க்கக் கூடாது, அடிக்கடி ஷாம்பு போட்டால் பலனும் குறையும். வாரம் இருமுறை மருந்து ஷாம்பு போடும் நாய்க்கும், கடலில் இறங்கும் நாய்க்கும் மாத்திரைதான் பொருத்தம். அஃபொக்சொலேனர் மாதம் ஒன்று, ஃப்ளூரலேனர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று, நிறைக்கு ஏற்றது எதுவென்று வைத்தியர் சொல்வார். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

எது போட்டாலும், கண்டிஷனர் பிழியும்போது காதுமடலின் உட்பக்கத்தையும் விரலிடுக்குகளையும் தடவிப் பாருங்கள். சடை நனைந்து ஒட்டியிருக்கும் அந்த நேரத்தில்தான் உண்ணி கைக்குத் தட்டுப்படும். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். அதற்குப் பிறகு வந்த நாட்களில் நாய் சாப்பாட்டை விட்டுச் சோர்ந்தால், முரசு வெளிறினால், சிறுநீர் தேநீர் நிறமாகப் போனால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.